பிரித்தவன் கடன்

மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் முறையைச் சொல்லும் புத்தகங்களில் ஒரு விஷயம் தவறாமல் வரும். கழற்றும் விதத்தைப் படிப்படியாக விளக்கிவிட்டு, திரும்பக் கோக்கும் இடம் வந்ததும், கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகச் செய்துகொள்ள வேண்டியது என்று முடித்துவிடுவார்கள். பிரிப்பதற்கு இரண்டு பக்கம். சேர்ப்பதற்கு ஒரு வரி. இந்த வரியில் ஒரு தத்துவப் பிழை இருக்கிறது என்பது என் கட்சி. நம் விமர்சனம் அதே பிழையில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் நண்பரின் பழைய புல்லட்டுக்குக் கிக்கர் கோத்ததைக் கூட இருந்து பார்த்தேன். எழுபதுகளின் வண்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மிதித்தால் கீழே போகும் கிக்கர் மேலே வருவதில்லை என்பது நோய். காட்டர் பின்னைத் தட்டி எடுத்து, கிக்கரை உருவி, கியர்பாக்ஸின் வெளிமூடியைக் கழற்றினால் கிக்கரைச் சேர்ந்ததென்று உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. ஒரு அச்சு. ஒரு திசையில் பிடித்து மறுதிசையில் வழுக்கிவிடும் பல். அதை வெளித்தள்ளிக்கொண்டிருக்கும் சிறு ஸ்ப்ரிங். கிக்கரைத் திரும்ப மேலே கொண்டுவருகிற பெரிய சுருள் ஸ்ப்ரிங். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசி ஒரு சாக்கின்மேல் பரப்பியாயிற்று. (சி.சு. செல்லப்பா ‘அலசல் விமர்சனம்’ என்றபோது இந்த மண்ணெண்ணெய் அலசலை நினைத்திருக்க மாட்டார். வார்த்தை என்னவோ பொருந்துகிறது.)

“கழட்டுறது யாரு வேணாலும் கழட்டலாம் சார். ஸ்ப்ரிங் எவ்வளவு முறுக்குல இருந்துச்சுன்னு கழட்டும்போதே கை பாத்து வச்சுக்கணும். அப்புறம் கேட்டா அது சொல்லாது” என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. சாக்கின்மேல் கிடக்கும் பாகங்களை எண்ணலாம், பெயர் சொல்லலாம், அளக்கலாம். முறுக்கு மட்டும் அங்கே இல்லை. ஸ்ப்ரிங்கின் ஒரு முனை அச்சில், மறுமுனை கூட்டில். இரண்டுக்கும் நடுவே அதைக் கொஞ்சம் சுற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். கழற்றிய கணத்தில் அது போய்விட்டது. திரும்பக் கோக்கிறவன் அதைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தால் கிக்கர் தொங்கும். கூடுதலானால் முழு மிதி விழுவதற்கு முன்பே ஸ்ப்ரிங் இறுகிக்கொள்ளும். கழற்றும்போது இழந்தது ஒரு பாகமாக இருந்தால் கடையில் வாங்கிவிடலாம். இது பாகமே இல்லை. எனவே சேர்ப்பது பிரிப்பதன் தலைகீழ் ஆகாது. பிரித்தல் ஒன்றை அழிக்கிறது. சேர்த்தல் அதை மறுபடி உண்டாக்க வேண்டும்.

மிலிந்த அரசனிடம் நாகசேனர் தேரைப் பற்றிக் கேட்ட கேள்விகள் பிரசித்தம். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாக விலக்கி, தேர் என்பது ஒரு வழக்குப் பெயர் என்ற இடத்தில் கொண்டு நிறுத்துவார். நாகசேனருக்கு ஆன்மா இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு இது போதும். ஆனால் முறுக்கு வெறும் பெயரல்ல. பாகங்களில் ஒன்றாகவும் அதைச் சேர்க்க முடியாது. அது இருக்கிறதா என்று கால் சொல்லும். ஆலன் டேட் 1938-இல் கவிதையில் ‘டென்ஷன்’ என்று பேசினார். கல்லூரியில் அதைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நம்மில் பலர். அந்த இழுவிசையை ஏதோ கவிதைக்குள் கிடக்கிற பொருள் போலவும், தோண்டி எடுத்துக் காட்டிவிடலாம் போலவும்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தோண்டும்போதே அது தளர்ந்துவிடும் என்று யாரும் எச்சரித்ததாக ஞாபகமில்லை.

புல்லட் நமக்கு வந்த விதமே கோத்தல்தான். 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பித்தபோது ரெட்டிச்சிலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி போயிற்று. ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்ததும் 1962-இல்தான். தற்செயல், இதில் அர்த்தம் தேட வேண்டாம். ஆனால் நம் புதுக்கவிதையும் பெட்டியில் வந்து இறங்கிய பாகங்களைப் பூட்டியதுதான் என்று ஏளனம் செய்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பூட்டத் தெரிந்தவனிடம் பண்டம் தங்கிற்று. வரைந்தவனிடம் தங்கவில்லை.

பிரிப்பதே தவறு என்று சொல்லவரவில்லை. ஸ்ரீரங்கத்தில் 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழியைப் பிரித்த அளவுக்கு நாம் எதையும் பிரித்ததில்லை. வடக்குத் திருவீதிப் பிள்ளை அதைக் கேட்டு எழுதியது முப்பத்தாறாயிரப்படி. ஒரு படிக்கு 32 எழுத்து. ஒரு ஏகாரத்தைக்கூட விடாமல் கழற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் வியாக்கியானம் பாசுரத்துக்குப் பதிலாக நிற்பதில்லை. அரையர் சேவையில் பாட்டு, அபிநயம், வியாக்கியானம் எல்லாம் ஒரே வாயில், ஒரே உடம்பில் நடக்கின்றன. பாசுரத்தை அலசியவரே அதைத் தாளத்தோடு பாடியும் ஆக வேண்டும். பாட்டு எழவில்லையென்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு ஒரு எழுத்தும் உபரி கிடையாது. பிரதி தெய்வத்தன்மை கொண்டது. எல்லாம் கோத்து முடித்தபின் சாக்கில் ஒரு திருகாணி மிஞ்சிக் கிடந்தால் அவர்கள் தங்கள் புத்தியைத்தான் சந்தேகிப்பார்கள். நாம் திருகாணியையும் சந்தேகிக்க வேண்டியவர்கள். சில கவிதைகள் பழைய இரும்புக்குத்தான் லாயக்கு என்று சொல்லும் உரிமை விமர்சகனுக்கு உண்டு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் காயலான் கடைக்குப் போடு என்கிறவன் அதற்குமுன் ஒரு தடவையாவது உதைத்துப் பார்த்திருக்க வேண்டும். கழற்றிய நிலையில் நல்ல வண்டியும் இரும்புதானே.

உதைப்பதற்கும் முறை இருக்கிறது. டீகம்ப்ரஸரைப் பிடித்து, அம்மீட்டர் ஊசி நடுவுக்கு வரும் இடம் பார்த்து, பிஸ்டனை உச்சத்துக்குச் சற்று அப்பால் நகர்த்தி, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழுக்க மிதிக்க வேண்டும். தப்பினால், அல்லது இக்னிஷன் டைமிங் முந்தியிருந்தால், எதிர்த்து உதைக்கும், கணுக்கால் போகும். அந்த மெக்கானிக் கோத்து முடித்ததும் முதல் மிதியைத் தானே மிதித்தார், நண்பரை நகரச் சொல்லிவிட்டு. 2023-இல் வந்த புல்லட்டில் கிக்கரே கிடையாது. அதற்கு இந்தக் கவலையும் இல்லை.

நம் பத்திரிகைகளில் கவிதை பற்றி வரும் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். மேற்கோளாக ஒன்றரை வரி, பிறகு இன்னொரு இடத்திலிருந்து இரண்டு வரி, நடுவே படிமம், குறியீடு, அமைப்பு. கவிதை முழுதாக ஒரு இடத்திலும் நிற்பதில்லை. படித்து முடித்தவன் கையில் சாக்கும் பாகங்களும்தான். அலசிய கவிதையைக் கட்டுரையின் கடைசியில், ஒரு குறிப்பும் இல்லாமல், முழுக்க அச்சிட்டால் என்ன? கட்டுரை சொன்ன முறுக்கு அதில் ஏறியிருக்கிறதா என்று வாசகன் தன் காலாலேயே மிதித்துப் பார்த்துக்கொள்வான். பக்கம் போதாது என்பார்கள். அலசலில் நாலு பத்தி குறைத்தால் இடம் வரும்.