விழுந்தவனை நம்புவதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் கால்பந்து பார்க்கப் போனால், எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும். பந்தைவிட முகங்கள் நன்றாகத் தெரியும். உண்மையில் அடிபட்டவன் பெரும்பாலும் உடனே சத்தம் போடுவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற இடத்தை அழுத்திக்கொள்கிறான். நடிப்பவன் அலறிக்கொண்டு உருள்வான், விரலிடுக்கு வழியே ரெஃப்ரி எங்கே என்று பார்ப்பான். எப்போதும் இப்படித்தான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. கணுக்கால் பிசகி அலறியவனைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

2002 உலகக் கோப்பையில், தென்கொரியாவின் உல்சானில், துருக்கியின் ஹக்கான் உன்சால் உதைத்த பந்து பிரேசில் வீரர் ரிவால்டோவின் காலில் பட்டது. அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார். உன்சாலுக்குச் சிவப்பு அட்டை. பிறகு ரிவால்டோவுக்கு ஃபிஃபா அபராதம் போட்டது. பிரேசில் கோப்பையையும் வென்றது. அங்கே காட்டிக்கொடுக்கக் கேமரா இருந்தது. ஊர் மைதானத்தில் இருப்பது ஒரு ரெஃப்ரி, ஒரு ஸ்ப்ரே டப்பா, கொஞ்சம் ஐஸ். விழுந்தவன் சொல்தான் சாட்சி.

காயம் பட்டதாக நடித்தால் மஞ்சள் அட்டை என்கிறது விதி. அதே விதிப்புத்தகத்தில் ஒரு சந்தும் உண்டு. களத்தில் சிகிச்சை பெற்றவர் பொதுவாக வெளியே போய்விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கோல்கீப்பருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது, கடைசி நேரத்தில், கீப்பருக்குப் பார்த்துத் தசை பிடித்துக்கொள்ளும்! அந்த இடைவெளியில் கோச் மற்றவர்களை ஓரமாகக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து யோசனையும் சொல்லிவிடுவார். இதைச் சாமர்த்தியம் என்று ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். சின்னப் பையனிடம், "லே, பாக்ஸுக்குள்ள தொட்டாம்னா விழுந்துரு" என்று சொல்லிக்கொடுப்பதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. ரிவால்டோவுக்காவது அபராதம், இவனுக்குக் கைதட்டல்.

தூத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். ஆடுகிறவர்களிலும் பலர் படகில் ஏற வேண்டியவர்கள். முட்டி பிசகினால் அந்தத் தடவை படகில் இடம் கிடையாது, பங்கும் கிடையாது. ஒரு காலுக்கு என்ன விலை என்று எதிரணிக்கும் தெரியும். அதனால்தான் ஒருவன் விழுந்ததும், கோலடிக்க வழி திறந்திருந்தாலும், பந்தை வெளியே தட்டிவிடுகிறார்கள். நடிப்பவன் கை வைப்பது இந்தப் புரிதலின்மேல்.

அப்படியானால், போன ஆட்டத்தில் நடித்தவனே இன்றைக்கும் விழுந்தால்? விசில் ஊதும்வரை ஆடலாம், விதி தடுக்கவில்லை. ஆனாலும் பந்தைத் தட்டிவிடு என்றுதான் சொல்வேன். இருபதடி தள்ளி நின்றுகொண்டு அவன் முட்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஏமாந்தால் ஒரு தாக்குதல் போகும், மிஞ்சினால் ஒரு கோல். ஏமாறக் கூடாதென்று அவனைத் தாண்டி ஓடி, முட்டி நிஜமாகவே போயிருந்தால், அடுத்த வாரம் கடற்கரையில் அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஆட்டம் மறுபடி தொடங்கும்போது த்ரோ எடுக்கும் அணி பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். சில நாள் கொடுப்பதில்லை. அப்போது எல்லைக்கோட்டிலிருந்து கிளம்பும் வசவுகளை இங்கே எழுத முடியாது.