கூலிக்கு வந்த துணை

நட்பு என்பது ஒத்தாரிடையே தோன்றுவது என்று உலகத்தார் கருதுவர். செல்வத்தாலும் நிலையாலும் ஒவ்வாத இருவரிடையே அது தோன்றின் அரிய பேறு எனப் பாராட்டுவர். ஆயின் அவ்விருவருள் ஒருவர் மாதச் சம்பளம் பெறுபவராகவும், மற்றவர் சம்பளம் கொடுக்கும் வீட்டுக் குழந்தையாகவும் இருப்பின், அவர்களிடையே வளர்வது நட்பா, ஊழியமா? கூலி கொடுத்து நட்பை வாங்க இயலாது என்பது வெளிப்படை. கூலி பெற்றுக்கொண்டே ஒருவர் அதனைக் கொடையாக அளிக்க இயலுமா என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நம் அன்பர்களின் தாய்மாரும் பாட்டிமாரும் எத்தனையோ பேர் துரைமார் பங்களாக்களில் ஆயாவாக இருந்து பிறர் குழந்தைகளை வளர்த்தவர்கள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் இதனை நன்கறிவர். தாய் பங்களாவில் ஒரு குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். அவள் பெற்ற குழந்தையை ஆறு வயது அக்காள் இடுப்பில் சுமந்து தெருவில் நிற்பாள். இன்றோ நம்மவருள் கல்வி கற்று உத்தியோகம் பெற்றோர் இல்லங்களில் வேறொரு வீட்டுப் பெண் வந்து நம் குழந்தைக்குச் சோறூட்டுகிறாள். ஆகவே இரு பக்கமும் நின்று இதனை நோக்கும் கடமை நமக்கு உண்டு.

சீன நாட்டின் இறுதிப் பேரரசனாகிய பூ யீ 1906ஆம் ஆண்டில் பிறந்தான். 1908இல், மூன்று வயது நிரம்புமுன், அவனை அரசனாக்கத் தீர்மானித்து, தந்தையின் மாளிகையினின்று எடுத்துச் செல்ல அரண்மனையார் வந்தனர். முன்பின் அறியாத முகங்களைக் கண்டு குழந்தை வீறிட்டு அலறியது. பெரிய பெரிய அமைச்சர்கள் செய்வதறியாது நின்றனர். அவனுக்குப் பால் கொடுத்து வந்த செவிலித்தாய் வாரியெடுத்து மார்போடு அணைத்த பின்னரே அழுகை ஓய்ந்தது. அவ்வம்மையாரையும் உடன் அழைத்துச் செல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவர் வாங் என்னும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஏழை உழவர் வீட்டு மகள். வெள்ளமும் பஞ்சமும் துரத்த, பீகிங் நகரை அடைந்த குடும்பம் அது. 16 வயதில் திருமணம். பெண் குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே கணவன் காசநோயால் மாண்டான். கைக்குழந்தையையும் மாமன் மாமியையும் காப்பாற்ற வேண்டி, 19ஆம் வயதில் இளவரசர் மாளிகைக்குப் பால் கொடுக்க வந்தார். சம்பளம் மாதம் இரண்டு தேல் வெள்ளி. நிபந்தனைகளோ கொடியவை. வீட்டிற்குச் செல்லலாகாது, தான் பெற்ற குழந்தையைக் காணலாகாது, பால் நன்கு சுரக்கும் பொருட்டு உப்பிடாத பன்றியிறைச்சியை நாள்தோறும் ஒரு கிண்ணம் உண்ண வேண்டும். மூன்றாம் ஆண்டில் அவருடைய மகள் போதிய ஊட்டமின்றி இறந்தாள். செய்தி அறிந்தால் பாலின் தரம் கெடும் என்று அதனை அவரிடம் மறைத்துவிட்டனர். ஒன்பதாம் ஆண்டில், பிறர் இட்ட சண்டையொன்றைச் சாக்காகக் கொண்டு அவரையும் வெளியேற்றியபோதுதான், வீடு திரும்பி, மகள் இறந்து பல ஆண்டுகள் ஆயின என்பதை அவர் அறிந்தார். இவற்றை எழுதியவன் வேறு எவனும் அல்லன். பிற்காலத்தில் தன் வரலாற்றைத் தானே எழுதிய அந்தப் பூ யீயே. அந்நூல் 1964இல் வெளிவந்தது.

அரண்மனையில் அச்சிறுவனுக்கு இல்லாத பொருள் இல்லை, மனிதர்தாம் இல்லை. பெற்ற தாயைப் பல ஆண்டுகள் அவன் காணவே இல்லை. தாய் என்று அழைக்குமாறு பணிக்கப்பட்ட அரசமாதேவியர் பலர் இருந்தனர். அவர்களுள் எவரும் அவனை மடியில் வைத்துக்கொண்டவர் அல்லர். காண்போரெல்லாம் மண்டியிட்டனர், அவன் சொல்லுக்கு மறுசொல் கூறுவார் ஒருவரும் இலர். இத்தகைய தனிமை குழந்தையைக் கனிவுடையதாக்கும் என்று நினைப்பது பிழை. அது அவனைக் கொடியவனாக்கிற்று. ஓர் ஏவலன் எவ்வளவு கீழ்ப்படிவான் என்று பார்க்க, தரையில் கிடந்த அழுக்கைக் காட்டி உண்ணச் சொன்னான், அவன் உண்டான். பொம்மலாட்டம் நடத்திய ஏவலனுக்குப் பரிசளிக்கும் பண்டத்தினுள் இரும்புத் தூளை வைக்க முயன்றான். அப்போது தடுத்தவர் செவிலி ஒருவரே. பல் உடைந்தால் அம்மனிதன் எப்படி உண்பான், உண்ணாமல் எப்படி வாழ்வான் என்று எடுத்துரைத்தார். குழந்தையின் விளையாட்டு ஆசையையும் முற்றும் முறிக்காமல், இரும்பிற்குப் பதிலாகக் காய்ந்த பயற்றை வைக்கச் செய்தார். மற்றொரு நாள் காற்றுத் துப்பாக்கியால் ஏவலர் அறையின் காகிதச் சாளரத்தைச் சுட்டு, காகிதம் கிழிவதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தான். ஓடி வந்த செவிலி, அறைக்குள் மனிதர் இருக்கின்றனர் என்று கூறினார். அப்போதுதான் அவனுக்கு அந்த நினைவே வந்தது.

சாளரத்திற்கு அப்பால் மனிதர் இருக்கின்றனர்! கன்பூசியரின் நூல்களைக் கற்பிக்க அமர்த்தப்பட்ட பேராசிரியர்கள் இதனை அவனுக்கு உணர்த்தவில்லை. எழுத்தறியாத ஒரு கைம்பெண் உணர்த்தினார். நூல் பல கற்றவரே தம்மம் உரைக்க வல்லார் என்று இன்றும் நம்மவருள் சிலர் எண்ணுகின்றனர். அவர்கள் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

சிகாலோவாத சூத்திரத்தில் பகவன் புத்தர் நண்பரைப் போல் தோன்றும் பகைவரையும் உண்மை நண்பரையும் பிரித்துக் காட்டுகிறார். தீச்செயலுக்கும் உடன்பட்டு, முகத்தெதிரே புகழ்ந்து, புறத்தே இகழ்பவன் நட்பு வேடம் தரித்தவன். தீமையினின்று விலக்கி நன்மையில் நிறுத்துபவனே நண்பன். இவ்வளவுகோலால் அளந்தால், அவ்வரண்மனையில் இருந்த ஏவலர் கூட்டத்தில் நண்பர் என்னும் பெயருக்கு உரியவர் அச்செவிலி ஒருவரே. அவர் பெற்ற கூலி பாலுக்கு உரியது. சிறுவனைத் தீமையினின்று தடுக்குமாறு எவரும் அவருக்குப் பணிக்கவில்லை. தடுத்தமைக்காக எவரும் காசு கொடுக்கவும் இல்லை. வெறும் ஊழியராயின் வாளாவிருந்து தம் வேலையைக் காத்துக்கொண்டிருப்பார். எனவே, கூலி பெறும் கையாலும் நட்பைக் கொடையாக வழங்க இயலும் என்றே நாம் துணிகிறோம்.

ஆனால் இத்துணிபோடு நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையையே கூறியவராவோம். அதே சூத்திரத்தில் நண்பர் செய்யும் கடமைகளுள் ஒன்றாக, நண்பனுடைய மக்களையும் போற்றுதல் கூறப்பட்டுள்ளது. இங்கு நண்பரின் மகள் ஊட்டமின்றி மாண்டாள். அவளுக்குரிய பாலைக் குடித்து வளர்ந்தவன் அரசன். நம் தமிழ் மரபில் தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் வகுக்கும். செவிலியின் மகளும் அதே இல்லத்தில் உடன் வளர்வாள் என்னும் எண்ணம் அதனுள் அடங்கியிருக்கிறது. அச்சீன மாளிகையில் அவளுக்கு ஒரு மூலையும் இல்லாமற் போயிற்று.

இதில் குழந்தையைக் குற்றஞ் சாட்டுதல் தகாது. சேதனையே கம்மம் என்பது பகவன் வாக்கு. பால் குடித்த குழந்தைக்கு அத்தகைய எண்ணம் ஏது? குற்றம், ஒரு தாயைக் கறவைப் பசுவாக்கிய வீட்டாரையும், அதனை வழக்கம் என்று ஏற்ற சமூகத்தையும் சாரும். பெரிய வீட்டார் தம் ஊழியரைக் குறித்து, எங்கள் வீட்டில் ஒருத்தி போல என்று பெருமை பேசுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வீட்டில் ஒருத்தியாயின், அவள் குழந்தை இறந்த செய்தியை வீடு மறைக்குமா?

பூ யீ திருமணமான பின் அவ்வம்மையாரைத் தேடி வரவழைத்துப் போற்றினான். மஞ்சூரியாவில் ஜப்பானியர் நிறுவிய அரசில் அவன் அமர்ந்தபோது, அங்கும் அழைத்து வைத்துக்கொண்டான். தமக்கென்று எதனையும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்று நன்றியோடு எழுதுகிறான். ஆயினும் அதே காலத்தில் அவன் செய்தது யாது? அக்காலத்தில் அவன் தீவிர பௌத்தனாகியிருந்தான். தியானம் புரிந்தான், சூத்திரங்களை ஓதினான், ஊனுணவை விட்டான், ஈயைக் கொல்லாமல் வெளியே துரத்துமாறு ஆணையிட்டான். அதே மாளிகையில் அநாதை விடுதியினின்று கொணர்ந்த சிறுவர்களை வேலைக்கு வைத்து, சிறு பிழைக்கும் அடிப்பித்தான். தப்பியோட முயன்று பிடிபட்ட ஒரு சிறுவன் அடியால் மாண்டே போனான். ஈக்கு இரங்கியவன் வேலைக்காரச் சிறுவனுக்கு இரங்கவில்லை. அன்பர்களே, இது அயல்நாட்டு அரசன் கதையென்று நாம் கடந்து செல்லலாகாது. பஞ்சசீலம் ஓதும் நாவைக் கொண்டே சமையலறைப் பெண்ணை ஏசும் வழக்கம் நம்மிடையே இல்லையா? ஒருத்தியிடம் கொண்ட பாசம் அவளையொத்த பிறரிடம் விரியவில்லையெனில், அது மைத்திரி ஆகாது. அன்பு மட்டும் போதாது, மைத்திரி வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் தம் இறுதி நூலில் வலியுறுத்தியது இதனாலேயே என்று நாம் கருதுகிறோம்.

மறுபுறம், ஊழியர் பக்கத்திலும் ஓர் இடர் உண்டு. சித்தார்த்தர் பிறந்த நாளிலேயே பிறந்தவன் தேரோட்டி சன்னன் என்பது மரபு. துறவு பூண்ட இரவில் உடன் சென்றவன் அவன் ஒருவனே. தானும் துறப்பதாகக் கூறியும் ஏற்கப்படாமல், அணிகலன்களைச் சுமந்துகொண்டு, மகனை இழந்த அரண்மனைக்குத் திரும்ப வேண்டியவனானான். பின்னர்ச் சங்கத்திற் சேர்ந்தும், பகவனோடு முதலில் வந்தவன் நான் என்னும் செருக்கு அவனை விடவில்லை. சாரிபுத்தரையும் மொக்கல்லானரையும் இகழ்ந்தான். பலர் இதற்காகச் சன்னனைப் பழிப்பர். நாம் அவ்வாறு பழிக்க விரும்பவில்லை. வாழ்நாள் முழுதும் வேறு உடைமை இல்லாதவன், பெரியவர் ஒருவரின் அண்மையையே உடைமையாகப் பற்றிக்கொண்டான். பரிநிர்வாண வேளையில் பகவன் அவனை மறக்கவில்லை. பிரம்மதண்டம் விதிக்குமாறு ஆனந்தரிடம் கூறினார். அவனிடம் எவரும் பேசலாகாது, அறிவுரையும் கூறலாகாது என்பதே அத்தண்டம். கோசாம்பியில் அதனைக் கேட்டுச் சன்னன் மயங்கி வீழ்ந்தான், பின்னர்த் தனித்து முயன்று அருகதர் ஆனான், தண்டமும் நீங்கிற்று. நண்பன் என்பதற்காகத் தீமையைப் பொறுத்துக்கொள்ளாமல் தடுத்த இச்செயலும், அச்செவிலி துப்பாக்கியின் முன் ஓடி வந்து செய்த செயலும் ஒரே இனத்தவை.

சாக்கிய இளவரசர் கதை இதனினும் தெளிவானது. அவர்களுள் அநுருத்தர், இல்லை என்னும் சொல்லையே அறியாது வளர்ந்தவர். பண்டம் இல்லை என்று தாய் சொல்லியனுப்ப, இல்லை என்பதும் ஒருவகைப் பண்டம் போலும் என்று எண்ணினாராம். இவர்களுக்கு மயிர்வினை செய்தவர் உபாலி. துறவுக்குச் சென்ற இளவரசர் அவரிடம் நகைகளைக் கொடுத்துத் திருப்பியனுப்ப, அவர் அவற்றை ஒரு மரத்தில் தொங்கவிட்டு, தாமும் துறப்பதாகத் திரும்பி வந்தார். அப்போது அவர்கள் பகவனிடம், இவரை முதலில் சங்கத்திற் சேர்த்தருள்க. நாங்கள் இவரை வணங்குவோம். எங்கள் குலச்செருக்கு அடங்கட்டும் என வேண்டினர். அவ்வாறே நடந்தது. பின்னர் இராசகிருகச் சங்காயனத்தில் விநயத்தை உரைத்தவர் அவ்வுபாலியே. கூலியாலும் குலத்தாலும் பிரிக்கப்பட்டோர் நண்பராக வேண்டுமெனில் உயர்ந்த நிலையில் இருப்பவனே முதலில் தாழ வேண்டும். கீழிருப்பவன் ஏறி வருவான் என்று காத்திருப்பது வீண்.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். 14 வயது நிரம்பாத சிறுமியை வீட்டு வேலைக்கு அமர்த்துதல் 2006 அக்டோபர் 10 முதல் இந்நாட்டில் தடுக்கப்பட்டுள்ளது. 2016இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. குழந்தையோடு விளையாடத்தானே வைத்திருக்கிறோம் என்று கூறுவோர் உளர். விளையாட வந்தவள் வெல்ல உரிமையுடையவளா? அவள் தாயத்தில் வென்றால் நம் குழந்தை அழுகிறது. அழுதால் அவளுக்கு ஏச்சு. அது விளையாட்டன்று, வேலையே.

வயது வந்த பெண்ணை அமர்த்துவோருக்குச் சிகாலோவாதம் ஐந்து கடமைகளைக் கூறுகிறது. வலிமைக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயில் பேணுதல், அரிய உணவைப் பகிர்தல் ஆகிய நான்கையும் ஒருவாறு செய்வோர் நம்மவருள் பலர். ஐந்தாவதாகிய காலத்தில் ஓய்வளித்தல்தான் தவறிப்போகிறது. அவள் போனால் குழந்தை தேடும், உண்ணாது, உறங்காது என்பர். உண்மையே. குழந்தை இரண்டு நாள் தேடட்டும். அந்த இரண்டு நாட்களிலும் அவளை அவள் வீட்டிற்கு அனுப்பி, பேருந்துக் கட்டணத்தையும் நாமே கொடுத்து, அவள் பெற்ற குழந்தையின் பெயரையும் வகுப்பையும் கேட்டு அறிந்துகொள்வோம்.