வீடும் கடனின்மையும்

ஏழைக் குடும்பம் நிலைபெற உதவுவது தானமா, கடமையா? விடை தேடுவோர் கோலார் தங்கவயலை நோக்குதல் நன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கவேலை தொடங்கிய பின்னர், வட ஆற்காட்டினின்றும் பிற மாவட்டங்களினின்றும் சென்ற நம் மக்கள் கம்பெனியின் ‘லைன்’ வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தனர். வீடு வேலையோடு பிணைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது, வேலை போயிற்று. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன்னெடுத்தவன், மேலே தான் உறங்கும் இடம் யாருடையது என்று வினவ நேர்ந்தது.

‘அவன் சேமித்திருக்கலாமே’ என்பார் உளர். நீதியற்ற பேச்சு! வருவாயை நான்காகப் பகுத்து, ஒரு கூற்றை ஆபத்துக் காலத்திற்கென வைக்குமாறு சிகாலனுக்குப் பகவான் உரைத்தது மெய்யே. ஆயின், நான்கு கூறும் உலைக்கே போதாதவன் எதனைப் பகுப்பான்? அப்பெருமானே அநாதபிண்டிகருக்குக் கடனின்மையை இல்லறத்தான் இன்பங்களுள் ஒன்றாகக் கூறினார். ஆதலின் உதவ முன்வருவோர் முதலில் மனைப்பட்டா பெற்றுத் தருக. சிக்கன உபதேசம் பின்னர் ஆகட்டும். பட்டா இல்லாதவனுக்கு வீட்டின்பேரில் வங்கி கடன் தராது. வட்டிக்கடைக்காரன் தருவான், வீட்டின்பேரிலன்று, மனைவியின் தாலியின்பேரில்.