காற்றும் இருளும்

புயற்காற்று ஒரு வீட்டின் கூரையைப் பிய்த்தெறிந்தால், ‘விதி’ என்று சொல்லி நெஞ்சைத் தேற்றிக்கொள்கிறோம். அதே வீட்டில் மாதக்கணக்கில் விளக்கெரியாது ஒரு நோயாளி இறந்துபோனால், அதையும் விதியின் கணக்கிலேயே எழுதிவிடலாமா? நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

கரீபியன் கடலில், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவு போர்ட்டோ ரிக்கோ. 2017 செப்டம்பர் 20 அன்று ‘மரியா’ என்னும் பெரும்புயல், மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் அங்கே கரையேறிற்று. தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. கூரையிழந்த வீடுகளை நீலத் தார்ப்பாய்கள் மூடின. காற்று ஒரு நாளில் ஓய்ந்தது. இருளோ, கடைசி வீடுகளை விட்டு அகல ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின.

இறந்தவர் 64 பேர் என்றே அரசின் கணக்கு பல மாதங்கள் கூறிவந்தது. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்தது. புயலை அடுத்து வந்த ஏறத்தாழ ஆறு மாதங்களில் வழக்கத்தினும் 2,975 பேர் கூடுதலாக இறந்தனர் என்று அது மதிப்பிட்டது. அரசும் அம்மதிப்பீட்டை ஏற்றது. ஏழை ஊர்களில் வாழ்ந்தோருக்கும் முதியோருக்குமே ஆபத்து மிகுந்திருந்தது.

இத்துணை உயிர்களையும் காற்றின் தலையில் ஏற்றுவதற்கில்லை. குளிர்பெட்டி நின்றால் இன்சுலின் கெடுகிறது. மின்சாரமின்றேல் மூச்சுக்கருவி நிற்கிறது. மோட்டார் ஓடாத ஊரில் குடிநீர் ஏறுவதில்லை. இப்படி வரும் மரணத்திற்கு நோயின் பெயரைத்தான் எழுதுவார்கள். புயலின் பெயரை எழுதுவது அரிது. காற்றுக்கு ஏழை, செல்வன் என்ற வேற்றுமை தெரியாது. இருளுக்குத் தெரியும், ஏனெனில் அது நம் ஏற்பாடுகளின் வழியே வருகிறது.

அத்தீவின் மலையூரான அத்ஹுந்தாஸில் ‘காசா புவெப்லோ’ என்னும் மக்கள் அமைப்பின் இல்லம் உள்ளது. 1999 முதலே கதிரவன் ஒளியில் மின்சாரம் பெற்றுவந்த இல்லம் அது. புயலுக்குப் பின் ஊரார் கைப்பேசிக்கு மின்னேற்றவும், மருத்துவக் கருவிகளை இயக்கவும் அதன் வாயிலை நாடினர். அவ்வாயில் அடைக்கப்படவில்லை.

“எம் பணத்தில் வாங்கிய ஜெனரேட்டர், எம் எரிபொருள், பிறருக்கு அதில் என்ன பாத்தியதை?” என்று நம்மில் ஒருவர் கேட்கலாம். பொருளின் உரிமையை எவரும் மறுக்கவில்லை. அடுத்த வீட்டு முதியவர் நம் விளக்கைக் கேட்கவில்லை. நம் குளிர்பெட்டியில் ஒரு மருந்துக் குப்பிக்கு இடம் கேட்கிறார். அதைக் கொடுப்பதால் நாம் இழப்பது யாது? கொடாது விட்டால் அவர் இழப்பது யாது? இவ்விரண்டையும் எடை போட்டுப் பார்த்த பின்னரன்றோ உரிமையைப் பற்றிப் பேச வேண்டும்!

அவர் கேட்க நாணலாம். ஆதலால், யார் வீட்டில் எந்த மருந்து குளிரில் இருக்கிறது, யார் மூச்சு எந்தக் கருவியை நம்பியிருக்கிறது என்பதைப் புயல் வருமுன்னரே அறிந்து வைத்திருப்பதும் நம் கடமையாகிறது.

காற்று ஏன் வீசிற்று என்று நம்மை எவரும் வினவப்போவதில்லை. அடுத்த வீட்டைப் பற்றி வினவப்படுவோம்.