ஊர்ப்பெயர் உள்ள படம்

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பவரிடம் நம் ஊரில் இரண்டே கேள்விகள்தான். "என்ன கேமரா சார், எவ்வளவு ஆச்சு?" என்பது முதலாவது. "படம் எடுக்க எங்கெல்லாம் போவீங்க?" என்பது அடுத்தது. ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டிப் பெரும்பாலும் போவதில்லை என்று சொன்னால் கேட்டவருக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. வேடந்தாங்கல், கோடியக்கரை, முதுமலை என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்.

தாம்பரம்–வேளச்சேரி சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஒரு சிக்னல், அவ்வளவுதான். பச்சை விழுந்தால் மறந்துவிடலாம். அந்தப் போக்குவரத்துக்குப் பின்னால் ஒரு ஏரி இருப்பதும், அதில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் தங்கள் பாட்டுக்கு இருப்பதும், கரைக்கு வந்து நின்றால்தான் தெரியும்.

*

நாமக்கோழி படம் எடுப்பது கேமராவுக்கு ஒரு பரீட்சை. உடம்பு முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். கேமரா கறுப்பைப் பார்த்து, இருட்டாக இருக்கிறதே என்று நினைத்து ஒளியைக் கூட்டும். நாமம் வெந்து வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடும். அதனால் எக்ஸ்போஷரை வேண்டுமென்றே ஒரு படி குறைத்து, ரா ஃபைலாக எடுத்து, வீட்டுக்கு வந்தபின் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கவேண்டும். டார்க்டேபிள் போன்ற மென்பொருள் இதைக் காசில்லாமல் செய்து தருகிறது. நிழல் மெல்ல மெல்லத் திறக்கும்போது கறுப்புக்குள் சாம்பல், சாம்பலுக்குள் ஒரு பச்சைச் சாயல், கண்ணில் சிவப்பு என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஏரியில் பார்த்ததைவிட அதிகமாக, சாப்பாட்டு மேசையில் வைத்த மடிக்கணினியில் அந்தப் பறவையைப் பார்க்கிறோம். இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம் இங்கேதான் என்பது என் கட்சி.

*

வெளிச்சத்துக்கும் இப்போது வரைபடம் இருக்கிறது. சன்கால்க் போன்ற தளத்தில் ஊரைச் சொடுக்கினால், இன்று சூரியன் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு எழும் என்று கோடு போட்டுக் காட்டும். நம் ஊர் ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கும். ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே. ஆகவே தை மாதத்தில் நாணலை ஓரத்திலிருந்து தொடுகிற வெயில், ஆனியில் அதே நாணலுக்கு எங்கோ பின்னாலிருந்து வரும். நேரமும் மாறுகிறது: ஜனவரியில் ஆறரை மணி, மே கடைசியில் ஐந்தே முக்காலுக்குச் சற்று முன். கிராமத்துக்காரர்களுக்கு இது கூரை நிழலிலேயே தெரிந்திருந்தது. மூன்று பக்கமும் அடுக்குமாடி எழுந்துவிட்ட நமக்குத் தளம் வேண்டியிருக்கிறது.

*

எடுத்த படத்தை எங்கே காட்டுவது?

பிளிக்கர் 2004இல் வந்தது. சென்னையில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறை அங்கேதான் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டது. 'சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்' என்று குழு சேர்ந்து, சனி ஞாயிறுகளில் மயிலாப்பூர் மாடவீதி, காசிமேடு என்று நடக்கத் தொடங்கினார்கள். 2007இல் தமிழ் வலைப்பதிவர்கள் சிலர் 'தமிழில் புகைப்படக்கலை' என்று ஓர் இடம் தொடங்கி, அபெர்ச்சர் என்றால் என்ன, ஷட்டர் வேகம் எதற்கு என்று தமிழிலேயே பாடம் எழுதினார்கள். மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டியும் வைத்தார்கள். அந்தக் காலத்துப் பின்னூட்டங்களில், "தொடுவானம் சாய்ந்திருக்கிறது", "இடது ஓரத்தில் அந்தக் கம்பம் எதற்கு?" என்று கறாராக எழுதுகிறவர்கள் இருந்தார்கள். முகம் தெரியாத ஒருவர் நம் படத்தை ஓரம் ஓரமாகப் பார்த்திருக்கிறார் என்பதே ஒரு மரியாதைதான்.

பிறகு 2010இல் இன்ஸ்டாகிராம் வந்தது. கம்பம் பற்றி யாரும் பேசுவதில்லை. இதயத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எத்தனை பேர் தட்டினார்கள் என்று நாமும் எண்ணத் தொடங்கிவிட்டோம். அந்த எண்ணிக்கை படத்தைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

*

வேறு வகைத் தளங்கள் உண்டு. 'அழகாக இருக்கிறதா?' என்று கேட்காமல், 'இது என்ன, எங்கே, எப்போது?' என்று கேட்பவை. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் ஒன்று. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் 2008இல் முதுகலைத் திட்டப்பணியாக ஆரம்பித்த ஐநேச்சுரலிஸ்ட் இன்னொன்று. மங்கலான படமாக இருந்தாலும் பரவாயில்லை. தேதியும் இடமும் சரியாக இருக்கவேண்டும்.

ஆகாயத்தாமரை மேல் நடந்துபோன ஒரு பறவை. நீண்ட விரல்கள், பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. 'இலைக்கோழி' என்று மட்டும் போட்டு ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினேன். நம் ஏரிகளில் இலைக்கோழி இரண்டு வகை: நீளவால் இலைக்கோழி, தாமிர இறக்கை இலைக்கோழி. நீளவாலுக்கு அந்த நீள வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் இருக்கும். குளிர்காலத்தில் அது இல்லாமல், தாமிர இறக்கையின் இளம்பறவை போலவே தெரியும். முன்பின் அறியாத ஒருவர் வந்து, 'இறக்கை விரித்த படம் இருக்கிறதா?' என்று கேட்டார். தொடர்ச்சியாக எடுத்த வரிசையில் ஒன்றில் பறவை எழும்ப நினைத்துப் பாதி இறக்கையைத் திறந்திருந்தது. அதுவரை நான் திரும்பிப் பார்க்காத படம். தலை அசைந்து கலங்கியிருந்தது. ஆனால் இறக்கை பளிச்சென்று வெள்ளை. கழுத்தோரம் ஒரு கருங்கோடு இறங்கி மார்பில் மாலை போல வளைந்திருந்தது. நீளவால் இலைக்கோழி என்று அவர் முடித்துவைத்தார், இன்னொருவர் ஆமோதித்தார்.

அடையாளம் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இனத்தை ஒப்புக்கொண்டால், தேதியும் இடமும் சரியாக இருந்தால், அந்தப் பதிவு ஆய்வுத்தரம் பெறுகிறது. பொருத்தமான பொது உரிமத்தில் இருந்தால் ஜிபிஐஎஃப் என்னும் உலக உயிரினத் தரவுத் தொகுப்புக்கும் போய்ச் சேர்கிறது. நான் தூக்கி எறிய இருந்த படம் அது. அன்று எடுத்ததில் அழகான படம் வேறு. அது என் வன்தட்டில் சும்மா கிடக்கிறது.

*

படத்தில் இல்லாததைச் சேர்ப்பது இன்றைய நோய் என்று பேசுகிறார்கள். லினியஸ் டிரைப்பை நினைத்துக்கொள்கிறேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். பத்தொன்பது அடி நீளத்துக்கு வந்தது. அவ்வளவு துல்லியக்காரர், வெறுமையாக விழுந்த வானத்தைக் காகித நெகட்டிவின் மேல் சாயம் பூசித் திருத்தினார். சில படங்களில் மேகமே வரைந்துவைத்தார். செலவு கட்டுப்படியாகாது என்று ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் மாகாண அரசின் புகைப்படத் துறையே மூடப்பட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத் தளத்தில் டிரைப்பின் படங்களை இன்று வீட்டிலிருந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம். மேகத்தை மன்னித்துவிடலாம்; கல்வெட்டில் அவர் கைவைக்கவில்லை.

இன்றைய மென்பொருளோடு எனக்குள்ள வழக்கும் இதுதான். இரைச்சல் நீக்குகிறேன் என்று சொல்லிவிட்டு, இல்லாத இறகை இழை இழையாக வரைந்து வைத்துவிடுகிறது. அடையாளம் சொல்ல வருகிறவர் அந்த இறகைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார். வானத்தை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். இறகில் வேண்டாம்.

*

காட்டுயிர்களைப் படம் எடுத்த மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னைக்காரர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையைக் கடைசிவரை விடவில்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்தார். 1950இல் தொடங்கி இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். யானையைப் படம் எடுத்த அதே கவனம் அணிலுக்கும் காகத்துக்கும் அந்தப் பத்தியில் கிடைத்தது. அவருக்கு லைக் போட ஆளில்லை. தவறாமல் படிக்க ஆள் இருந்தார்கள்.

*

பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சார் ஈரநிலம் ஆனது. பூநாரை வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி விழுந்தால் போதும், மறுநாள் காலை சாலையோரம் லென்ஸ்கள் வரிசையாக நிற்கும். எல்லாரும் ஒரே பூநாரையை ஒரே கோணத்தில் எடுக்கிறார்கள். தப்பில்லை, பூநாரை அழகுதான். ஆனால் அந்தச் சதுப்புக்கு நீர் கொண்டுவருவது மேலே இருக்கிற ஏரிகள். செம்பாக்கம் நிரம்பி நன்மங்கலம், அது நிரம்பி கீழ்க்கட்டளை, அப்படியே போய்க் கடைசியில் சதுப்பு. இந்தச் சங்கிலியின் மேல்பக்கத்தில் யாரும் லென்ஸை நிறுத்துவதில்லை.

அதனால் ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில், ஒரே சட்டத்துக்குள் ஏரியை எடுப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். சலிப்பூட்டும் படங்கள். தண்ணீர் நிற்கும், பின்வாங்கும், ஆகாயத்தாமரை மூடும், யாரோ அள்ளுவார்கள், மறுபடி மூடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் தண்ணீர் கரையோடு நின்றதும், அடுத்த கோடையில் அதே இடத்தில் சேறு வெடித்ததும் பக்கம் பக்கமாக வைத்தால்தான் பேசுகின்றன. கூகுள் எர்த்தில் ஆண்டைப் பின்னுக்குத் தள்ளினால் சுற்றிலும் வீடுகள் குறைந்துகொண்டே போகும். மேலிருந்து அது காட்டுவதைக் கரையிலிருந்து காட்ட ஆள் வேண்டும். பக்கத்துச் செம்பாக்கம் ஏரியை நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், ஐஐடி மெட்ராஸ் ஆகியவை சேர்ந்து சீரமைத்தன. அது முன்னே எப்படி இருந்தது என்று நாளைக்குக் கேட்பவருக்குக் கரையில் நின்று யாரோ எடுத்த பழைய படம்தான் பதில்.

*

எங்கே சேமிப்பது என்பதும் யோசிக்கவேண்டியதே. பிளிக்கர் 2019இல் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம் என்று வரம்பு போட்டது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவற்ற இலவச இடத்தை நிறுத்தியது. 1998 முதல் இருந்துவந்த கேமரா மதிப்பீட்டுத் தளமான டிபிரிவ்யூ 2023இல் மூடப்படப்போகிறது என்ற அறிவிப்பு வந்து, பிறகு வேறு கைக்கு மாறிப் பிழைத்தது. வீட்டில் ஒரு வன்தட்டு இருக்கட்டும். ஊருக்குப் பயன்படும் படங்களை விக்கிமீடியா காமன்ஸில் போடலாம். நாம் தேர்ந்தெடுத்த உரிமத்தின் நிபந்தனைப்படி யாரும் எடுத்துக்கொள்ளலாம். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலின் தூங்கானை மாட விமானத்தை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்துச் சேர்க்க இன்னும் இடம் இருக்கிறது. கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

வேண்டாதவை இன்னும் சில. கூட்டில் இருக்கும் பறவை. அதன் இடத்தைக் குழுவில் சொல்வது. ஐநேச்சுரலிஸ்ட் அருகிவரும் இனங்களின் இடத்தைத் தானே மறைத்துக் காட்டுகிறது, நாமும் அந்த நிதானத்தைப் பழகலாம். தாம்பரம் விமானப்படை நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனை எடுக்கவே கூடாது. கரையில் துணி துவைப்பவரை, மீன் பிடிப்பவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். போனில் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பிவிடுங்கள்.

*

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கிறது. பொங்கல் விடுமுறை நாட்களில், ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் இருந்து, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்டில் ஏற்றவேண்டும். ஏரிக்கரைக்கு வரமுடியாவிட்டால் மொட்டைமாடியே போதும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள். படம் இருந்தால் சேருங்கள், மங்கலாக இருந்தாலும் சரி. இடம் என்ற கட்டத்தில் சென்னை என்று போட்டுவிடாமல், ராஜகீழ்ப்பாக்கம் என்று எழுதுங்கள்.