தன் பேப்பரைத் தானே திருத்தலாமா?

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். ஒரு மாதத் தேர்வு முடிந்ததும், "அவங்கவங்க பேப்பரை அவங்கவங்களே திருத்துங்கடா" என்றார். அந்த மாதம் ஒருத்தன்கூடத் தொண்ணூறுக்குக் கீழே வாங்கவில்லை. அடுத்த மாதம் பக்கத்து பெஞ்சுக்காரனோடு பேப்பரை மாற்றிக்கொள்ளச் சொன்னார். "எனக்கு நீ போடு, உனக்கு நான் போடறேன்" என்று கண்ணாலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மூன்றாவது மாதம் பேப்பர் கட்டைத் தூக்கி 'பி' செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டார். எனக்குக் கணக்கு வராது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? நீங்களும் நானும் ஏறுகிற ரயில், விமானம், பஸ் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி கூடவே பயணம் செய்கிறது. தப்பு நடந்தால் பேப்பரைத் திருத்துவது யார்?

1956 நவம்பர் 23. அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் வெள்ளம். பாலம் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் இறங்கியது. 140 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருஷம் மெஹபூப்நகர் விபத்தின்போதே கொடுத்துப் பார்த்தார், நேரு வாங்கிக்கொள்ளவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கே ரயில் கவிழ்ந்தாலும் நாம் சாஸ்திரியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறோம். விடவேண்டியதுதான், பெரிய மனுஷர். ஆனால் யோசித்துப் பாருங்கள். ராஜினாமா என்பது ஒரு நல்ல மனிதரின் மனசாட்சி செய்கிற வேலை. அடுத்த மழையில் எந்தப் பாலத்தின் அடியில் மண் அரிக்கப் போகிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்வதற்கு வேறு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ரயில் ஓட்டுபவரின் ஆளாக இருக்கக் கூடாது.

இதை ஒரு காலத்தில் யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். நம் நாட்டில் பெரிய ரயில் விபத்தை விசாரிக்கிற பாதுகாப்பு ஆணையர் எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறார் தெரியுமா? விமானப் போக்குவரத்து! சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. 1941-ல், வெள்ளைக்காரன் காலத்தில், சோதிப்பவர்களை ரயில்வே போர்டிடமிருந்து பிரித்து, அப்போதைய தபால், விமானத் துறையின் கீழ் வைத்தார்கள். பேப்பர் 'பி' செக்‌ஷனுக்குப் போய்விட்டது.

முழுசாகப் போனதா? அந்த ஆணையர்கள் ரயில்வேயில் அதிகாரிகளாக இருந்து வந்தவர்கள்தான். அவர்கள் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அதை நிறைவேற்ற வேண்டியது ரயில்வே.

2023 ஜூன் 2, ஒடிசாவில் பாலசோர் பக்கம் பாஹாநகா பஜார். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தடம் மாறிப் போய், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் வயரிங்கில் தப்பு என்று ஆணையரின் அறிக்கை சொன்னது. இன்னொன்றும் சொன்னது: 2022 மே மாதம் அதே காரக்பூர் கோட்டத்தில் வேறொரு ஸ்டேஷனில் இதே மாதிரி வயரிங் தப்பு நடந்திருக்கிறது. அப்போதே சரி செய்திருந்தால் இது நடந்தே இருக்காது.

ஒரு வருஷம் முன்னாலேயே பேப்பரில் சிவப்பு மை விழுந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

ரயில்வேக்குச் சுதந்திரமான, சட்ட அதிகாரம் உள்ள பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012-லேயே எழுதிக் கொடுத்தது. அந்த ஆணையம் இன்னும் பிறக்கவில்லை.

ஆகாயத்துக்கு வருவோம். விமான நிறுவனங்களுக்கு விதி போடுகிற இயக்குநரகமும், விபத்தை விசாரிக்கிற அலுவலகமும் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கின்றன. 2025 ஜூன் 12-ம் தேதி ஆமதாபாத்தில் விமானம் விழுந்து 260 பேர் இறந்தபோதும் ஏற்பாடு அதுதான். விதி போட்டவரிடமே கோளாறு இருந்தால், விசாரிப்பவர் தன் சொந்த வீட்டைப் பற்றி எழுதியாக வேண்டும். எழுதலாம், நேர்மையானவர் எழுதுவார். ஆனால் நம் பத்திரம் ஒருவருடைய நேர்மையை நம்பியா இருக்க வேண்டும்?

சாலைக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன்கூடக் கிடையாது. 2022-ல் நம் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மணிக்கு 19 பேர். பெரும்பாலும் டிரைவர் மேல் ஒரு வழக்கு, அதோடு முடிந்தது. வளைவு சரியா, நடுவில் இருந்த பள்ளம் யாருடையது என்று கேட்பார் இல்லை. 2019-ல் திருத்திய சட்டத்தில், தரமில்லாமல் சாலை போட்டவருக்கு அபராதம் உண்டு. எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய் வரை. ஒரு உயிரையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"எல்லாரையும் இப்படிச் சந்தேகப்பட்டா எப்படி சார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் தெரு அண்ணாச்சி கடைத் தராசிலும் அரசாங்க முத்திரை இருக்கிறது. அண்ணாச்சி திருடர் என்றா அர்த்தம்? அவர் நல்லவரோ இல்லையோ, உங்கள் அரைக் கிலோ சர்க்கரை அரைக் கிலோவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லப்போனால் யோக்கியமான அண்ணாச்சிக்குத்தான் அந்த முத்திரை அதிகம் உதவுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன எடைக்கல்லை அவருக்கே அது காட்டிக்கொடுக்கிறது.

சர்க்கரைக்கு இவ்வளவு பார்க்கிறோம். உயிருக்கு?

இதில் நம் பங்கும் இருக்கிறது. விபத்து நடந்த அன்று "மந்திரி ராஜினாமா பண்ணுவாரா?" என்று டி.வி. முன்னால் உட்கார்ந்து விவாதிக்கிறோம். நஷ்டஈடு எவ்வளவு என்று கேட்கிறோம். பத்து நாளில் கிரிக்கெட் வந்துவிடுகிறது. விசாரணை அறிக்கை எப்போது வந்தது, என்ன சொன்னது, சொன்னதில் எதைச் செய்தார்கள்? நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கணக்கு வாத்தியார் நாலாவது மாதமும் ஒன்று செய்தார். 'பி' செக்‌ஷன்காரர்கள் சுழித்திருந்த தப்புகளை மட்டும் மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார். திருத்தினால் போதாதாம். திருந்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம்.

அடுத்த முறை ரயிலில் கீழ் பெர்த் கிடைத்து நிம்மதியாகக் காலை நீட்டும்போது, அந்த நாலாவது மாதத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.