கொல்லரின் கடன்

அமெரிக்காவின் கனெடிகட்டில் பட்டறை வைத்திருந்த கொல்லர் மைக்கேல் பால்ட்வின். இரும்படித்த காசு போதாமல், கடன் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மகன் ஆபிரகாம் 1772இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் வழக்கறிஞராகி, ஜார்ஜியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கான சாசனத்தை எழுதினார். எந்தச் சமயப் பிரிவினரையும் ஒதுக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. 1785இல் அரசு அதை ஏற்றது. ஆனால் முதல் வகுப்பு தொடங்கியது 1801இல்தான். பதினாறு ஆண்டுகள் அந்தக் கனவை அவர் கைவிடவில்லை.

1787இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் தந்தை காலமானார். தந்தை விட்டுச்சென்ற கடனை மகன் அடைத்தார். மாற்றாந்தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆறு பேரையும் படிக்க வைத்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

தந்தை பட்ட கடனைப் பணத்தால் தீர்த்தார். தந்தையிடம் தாம் பட்ட கடனைக் கல்விக்கூடத்தால் தீர்த்தார்.

உங்களைப் படிக்க வைக்க யாரோ கடன் பட்டிருப்பார்கள். இன்று ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கைகொடுங்கள். அந்தக் கடன் அப்படித்தான் தீரும்.